மொட்டைத் தலையும் முழங்காலும்

ஒட்டாத இரண்டை வலிந்து ஒட்டுகிறவனைப் பார்த்து, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறான் என்போம். 2001 ஜூலையில் ஹாங்காங்கில் வெளியான 'ஷாவோலின் சாக்கர்' அந்தச் சொலவடையையே கதையாக எடுத்துக்கொண்டது போலிருக்கும். மொட்டைத் தலை ஷாவோலின் மடத்துத் துறவியுடையது, முழங்கால் கால்பந்தாட்டக்காரனுடையது. ஸ்டீபன் சௌ இயக்கி நடித்த அந்தப் படம் உள்ளூரில் மட்டும் 6 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் வசூலித்தது. ஹாங்காங்கில் எடுத்த படம் எதுவும் அதுவரை அங்கே அவ்வளவு ஈட்டியதில்லை. தற்காப்புக் கலையையும் குழு விளையாட்டையும் கலந்த நகைச்சுவை ஏன் இப்படி ஈர்க்கிறது என்று கேட்டால், பொருந்தாமைதான் காரணம் என்று உடனே பதில் வரும். குங்ஃபூ நாயகன் தனித்து நின்று பழி தீர்க்கிறவன். கால்பந்து வீரன் பதினொரு பேரில் ஒருவனாக ஓடுகிறவன். இருவரையும் ஒரே சட்டைக்குள் திணித்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அந்த முடிச்சைச் சினிமாக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே சீனத்தில் படித்தவர்களும் ஆசான்களும் அரசாங்கமும் அதே முடிச்சை, துளியும் சிரிக்காமல், தேசத்தைக் காப்பாற்றும் காரியமாகப் போட்டுப் பார்த்தார்கள். துப்பாக்கி வந்துவிட்ட உலகத்தில் முஷ்டிக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில், விளையாட்டு. அந்தப் பதிலின் கடைசி வாரிசுதான் இந்த நகைச்சுவை. வேலை இழந்த ஒரு வித்தை வேலை தேடி அலைவதைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம்.

நூறாண்டு என்றேன், வேண்டுமானால் இரண்டாயிரம் ஆண்டு என்றும் நீட்டலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கு தொகுத்த 'ஹான் ஷு' என்ற வரலாற்று நூலில், அரச நூலகத்தில் இருந்த நூல்களின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் போர் நூல்களுக்குத் தனிப் பிரிவு. அதற்குள் படைத்திறன்களுக்கென்று ஓர் உட்பிரிவு. வில், வாள் பற்றிய நூல்களோடு வெறுங்கைச் சண்டை பற்றி 6 பகுதிகள் கொண்ட ஒரு நூலும், 'சுஜு' என்னும் பந்து உதைக்கும் ஆட்டத்தைப் பற்றி 25 பகுதிகள் கொண்ட ஒரு நூலும் அங்கே நிற்கின்றன. நூல்கள் அழிந்துவிட்டன, பட்டியல் மட்டும் மிஞ்சியது. அந்தப் பட்டியலைத் தொகுத்தவருக்குப் பந்தும் முஷ்டியும் ஒரே அலமாரிச் சரக்கு. இது கேட்க இனிக்கிறது. ஆனால் அங்கிருந்து ஹாங்காங் திரையரங்கு வரை ஒரே நூலாக இழுத்துவிட முடியாது. படைவீரனின் பயிற்சியாக இருந்த சுஜு, சோங் காலத்தில் அரண்மனையிலும் கடைவீதியிலும் கேளிக்கையாக மாறி, மிங் காலத்துக்குப் பின் மங்கிப் போயிற்று. இன்றைய கால்பந்து சீனத்துக்கு வந்தது ஆங்கிலேயர் கப்பலில். பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். பந்தும் முஷ்டியும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்ற நினைப்பு இயற்கையானதல்ல, பிற்காலத்தது என்பதற்கு மேல் இந்தப் பட்டியல் எதையும் நிறுவவில்லை.

உண்மையான தொடக்கம் 1900-இல் நடந்த ஒரு தோல்வி. வட சீனத்தில் அந்நியரை எதிர்த்து எழுந்த குத்துச்சண்டைக் கூட்டத்தார், மந்திரமும் உடற்பயிற்சியும் சேர்ந்தால் குண்டு துளைக்காது என்று நம்பிக் களமிறங்கினார்கள். எட்டு நாட்டுப் படைகள் பீக்கிங்கிற்குள் புகுந்தன. நம்பிக்கை பிணங்களாகக் கிடந்தது. அதன் பிறகு படித்த சீனருக்கு முஷ்டி என்றாலே கூச்சம். மூடநம்பிக்கையின் மறுபெயர் அது. அந்தக் கூச்சத்தைத் துடைக்கப் பிறந்ததுதான் 1910-இல் ஷாங்காயில் தொடங்கிய ஜிங்வூ அமைப்பு. அதன் அடையாளமாக நின்ற ஆசான் ஹுவோ யுவான்ஜியா அதே ஆண்டு இறந்துபோனாலும், வணிகர்களின் பணத்திலும் நகரத்து இளைஞர்களின் ஆர்வத்திலும் அது வளர்ந்து, கிளைகள் தென்கிழக்கு ஆசியா வரை பரவின. ஆசான் காலில் விழுந்து ரகசியமாகக் கற்ற வித்தையை அது வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பாடத்திட்டம், சீருடை, பத்திரிகை, பெண்களுக்கு இடம் எல்லாம் வந்தன. குத்துச்சண்டைக்குப் பக்கத்திலேயே பந்தாட்டங்களும் இசையும் புகைப்படக்கலையும் கற்றுக்கொடுத்தார்கள். எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1918-இல் 'புதிய இளைஞர்' இதழில் எழுத்தாளர் லூ ஷுன் இந்தக் குத்துச்சண்டை மோகத்தைச் சாடினார்; 1900-இன் பேய் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது என்பது அவருடைய அச்சம். ஜிங்வூ தரப்பிலிருந்து சூடாக மறுப்பு வந்தது. 1928-இல் தேசிய அரசே நான்ஜிங்கில் ஒரு மத்திய நிறுவனத்தை ஏற்படுத்தி, இந்த வித்தைகளுக்கு 'தேசக் கலை' என்று பெயர் சூட்டியது. முஷ்டியை மூடநம்பிக்கையிலிருந்து பிரித்து விளையாட்டு என்ற நவீன வார்த்தையோடு சேர்த்துக் கட்டுவதுதான் இந்த முயற்சிகளுக்கெல்லாம் பொதுவான நோக்கம்.

அந்தக் கனவின் உச்சம் 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் சென்ற சீனக் குழு. அதில் கால்பந்து அணியும் இருந்தது; போட்டியில் சேராமல் செய்து காட்டுவதற்கென்றே தேசக் கலைக் குழு ஒன்றும் இருந்தது. கால்பந்து வீரர்களில் பெரும்பாலோர் ஹாங்காங்கைச் சேர்ந்தவர்கள். தலைவர் லீ வாய் டாங், ஆசியாவின் பந்தரசன் என்று அந்நாளில் புகழ்பெற்றவர். வழிச்செலவுக்குப் பணம் போதாமல், போகிற வழியில் தென்கிழக்கு ஆசியாவிலும் பர்மாவிலும் இந்தியாவிலும் காட்சி ஆட்டங்கள் ஆடி, நுழைவுச்சீட்டுப் பணத்தைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். பெர்லினில் பிரிட்டனிடம் 2–0 என்று தோற்றார்கள். தேசக் கலைக் குழுவோ தன் வாளும் தடியும் முஷ்டியும் காட்டிக் கைதட்டல் வாங்கியது. பதக்கம் எதுவும் இல்லாமல் நாடு திரும்பினார்கள். வெளியூர் போக ஊர் ஊராக ஆடிக் காசு சேர்க்கும் பந்தாட்டக்காரர்களும், போட்டியில் இடமில்லாமல் இடைவேளை வேடிக்கையாக நிற்கும் சண்டைக் கலைஞர்களும் ஒரே கொடியின் கீழே நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். சௌ 65 ஆண்டு கழித்து எடுத்த படத்தின் கதை ஏற்கெனவே அங்கே இருக்கிறது, சிரிப்பு மட்டும் இல்லை.

சிரிப்பைச் சேர்த்தது ஹாங்காங். 1949-இல் சீனத்தில் ஆட்சி மாறியபோது குவாங்டோங் பக்கத்து ஆசான்கள் பலர் எல்லை தாண்டி அந்தக் குடியேற்ற நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வாடகைக்கும் வயிற்றுக்கும் வித்தையை விற்றாக வேண்டிய நிலை. புரூஸ் லீக்குப் பின்னாளில் கற்றுக்கொடுத்த இப் மான் அங்கே முதலில் பயிற்சி அளித்தது உணவகத் தொழிலாளர் சங்கத்தின் கட்டடத்தில். நம்மூர் சிலம்ப ஆசான் வர்ம வைத்தியமும் பார்ப்பதைப் போல, அங்கும் பல ஆசான்களுக்கு எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதுதான் நிலையான வருமானம். பண்டிகை நாட்களில் சிங்க நடனம் கூடுதல் வருமானம். ஒருவன் சிங்கத்தின் தலைக்குள்ளும் இன்னொருவன் அதன் வாலுக்குள்ளும் புகுந்து ஆட, மற்றவர்கள் முரசடிக்க, தோள்மேல் தோளாக ஏறி உயரத்தில் கட்டிய கீரைக்கட்டையும் அதனுள் இருக்கும் சிவப்பு உறையின் பணத்தையும் பறிக்க வேண்டும். ஒரு பள்ளியின் சிங்கத்துக்கும் இன்னொரு பள்ளியின் சிங்கத்துக்கும் போட்டி மூண்டு அடிதடியில் முடிவதும் உண்டு. தற்காப்புக் கலை குழு விளையாட்டாக ஆவதற்குக் கால்பந்து வரக் காத்திருக்கவில்லை. சிங்கத் தோலுக்குள் அது முன்பே ஆகியிருந்தது. கால்பந்தோ அந்த நகரத்தின் ஏழை மக்களுக்கு வெள்ளைக்காரனை அவன் ஆட்டத்திலேயே வெல்லும் வழி. 1954, 1958 ஆசிய விளையாட்டுகளில் தைவான் பெயரில் தங்கம் வென்ற கால்பந்து அணிகள் ஹாங்காங் வீரர்களால் ஆனவை என்பது அந்த ஊரின் ஆட்ட வளத்துக்குச் சான்று.

1949-இலேயே வோங் ஃபெய் ஹுங் பற்றிய முதல் படமும் வந்தது. மருத்துவரும் ஆசானுமாக உண்மையில் வாழ்ந்த அவர், க்வான் டாக் ஹிங் நடிப்பில் டஜன் கணக்கான படங்களில் அறம் பேசும் பெரியவராகத் திரையில் உறைந்து போனார். அந்தப் படங்களில் அடி வாங்கியும் எகிறி விழுந்தும் பிழைத்தவர்கள் பீக்கிங் ஓப்பராவிலிருந்து வந்தவர்கள். நம்மூர் பாய்ஸ் கம்பெனிகளைப் போல அங்கும் பெற்றோர் பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து ஓப்பராப் பள்ளியில் விட்டுவிடுவார்கள். யூ ஜிம் யுவென் நடத்திய பள்ளியில் அப்படி வளர்ந்தவர்கள்தான் சாமோ ஹுங், ஜாக்கி சான், யுவென் பியாவ். அவர்கள் தேறி வெளியே வந்தபோது ஓப்பரா பார்க்க ஆளில்லை. கையில் பத்தாண்டு உழைத்துச் சேர்த்த வித்தை. வெளியே அதை வாங்குபவர் இல்லை. ஸ்டன்ட் ஆட்களாக ஸ்டூடியோ வாசலில் நின்றார்கள். டிராகனும் புலியும் என்று பொருள்படும் கம்பீரமான பெயர் அவர்களுக்கு உண்டு, கூலி அன்றன்றைக்கு. குங்ஃபூ நகைச்சுவையைக் கட்டியவர்கள் இவர்களே என்பதை மறந்துவிட்டால் அது ஏன் வேலையைப் பற்றியே ஓயாமல் பேசுகிறது என்பது விளங்காது.

பேசத்தான் செய்கிறது. 1978-இல் ஜாக்கி சானை நட்சத்திரமாக்கிய 'ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ' படத்தில் அவர் குங்ஃபூ பள்ளி ஒன்றில் தரை துடைக்கும் பையன். மாணவர்கள் குத்திப் பழகும் மூட்டையும் அவனே. அதே ஆண்டு வந்த 'டிரங்கன் மாஸ்டர்' புனிதரான வோங் ஃபெய் ஹுங்கையே குறும்புக்கார இளைஞனாக்கிக் கீழே இறக்கியது. இரண்டிலும் ஆசானாக வந்த கிழவர், இயக்குநர் யுவென் வூ பிங்கின் தந்தை; பழைய வோங் படங்களில் அடிபட்டுப் பழகிய ஓப்பராக்காரர். 1980-இல் லாவ் கார் லியாங் எடுத்த 'ரிட்டர்ன் டு தி 36த் சேம்பர்' இன்னும் நேரடியானது. சாயப் பட்டறைத் தொழிலாளிகளின் கூலி வெட்டப்படுகிறது. ஷாவோலின் துறவி என்று ஏமாற்றி அவர்களைக் காக்கப்போன எத்தன் மாட்டிக்கொண்டு, உண்மையாகவே கற்றுவர மடத்துக்குப் போகிறான். அங்கே அவனுக்குக் கிடைப்பது மூங்கில் சாரம் கட்டும் வேலை மட்டும். ஏமாந்துவிட்டோம் என்று திரும்பி வந்தபின்தான் தெரிகிறது, கட்டிய சாரமே அவன் கற்ற குங்ஃபூ என்று. சாரக் கயிறு கட்டும் லாகவத்திலேயே முதலாளியின் அடியாட்களை மடக்குகிறான். ஷாவோலின் மடத்தைக் கொண்டு வந்து கூலித் தகராறில் நிறுத்திய அந்தத் துணிச்சல்தான் பிறகு அதைக் கால்பந்துத் திடலில் நிறுத்தியது.

குழு விளையாட்டு நேரடியாக உள்ளே வந்தது 1982-இல், ஜாக்கி சான் இயக்கிய 'டிராகன் லார்ட்' படத்தில். தொடக்கத்திலேயே பெரும் கூட்டமொன்று கோபுரத்தின் மேல் ஏறி உச்சியிலிருப்பதைப் பறிக்க முட்டி மோதுகிறது. ஹாங்காங்கின் செயுங் சாவ் தீவில் பன் கோபுரங்களில் ஏறிப் பறிக்கும் திருவிழாவின் சாயல் அதில் இருக்கிறது. உண்மைத் திருவிழாவில் 1978-இல் கோபுரம் சரிந்து பலர் காயமடைந்து, ஏறும் வழக்கத்துக்கே தடை விழுந்திருந்த நேரம் அது. 2005-இல்தான் மறுபடி அனுமதித்தார்கள். அதே படத்தில் இறகுப் பந்தைக் காலால் தட்டிக் கோல் போடும் நீண்ட ஆட்டமும் உண்டு. மறு ஆண்டு யுவென் பியாவ் நடித்த 'தி சாம்பியன்ஸ்' முழுக்கக் கால்பந்துப் படமாகவே வந்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து சேரும் ஒருவன் அங்கே ஆட்டக்காரனாகிறான். கணினி வித்தை இல்லாத காலம். யுவென் பியாவின் உடம்பு உண்மையிலேயே அந்தரத்தில் கவிழ்ந்து பந்தை உதைக்கிறது. கண்ணுக்கு விருந்து, ஆனால் மனசில் தங்கவில்லை. நகரத்தில் கால்பந்து அரங்குகள் நிரம்பி வழிந்த ஆண்டுகள் அவை; 1985 மே 19-இல் ஹாங்காங் அணி பீக்கிங்கிலேயே சீன அணியை 2–1 என்று வீழ்த்தும் அளவுக்குத் தெம்பு இருந்தது. ஸ்டன்ட் ஆட்களுக்கும் கை நிறைய வேலை. வித்தைக்கும் வேலை இருக்கிறது, ஆட்டத்துக்கும் கூட்டம் இருக்கிறது என்னும்போது இரண்டையும் சேர்ப்பது வெறும் சாகசமாக நின்றுவிடுகிறது. தேவை பின்னால்தான் வந்தது.

2001-க்குள் எல்லாம் தலைகீழாகியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 200 படங்களுக்கு மேல் எடுத்த ஹாங்காங் சினிமா, திருட்டு வட்டுகளாலும் ஆசிய நிதி நெருக்கடியாலும் சுருங்கிவிட்டது. கால்பந்து அரங்குகள் காலி. ஆட்டங்கள் விலை பேசப்படுவதாக ஊழல் தடுப்புத் துறை வீரர்களைப் பிடித்த செய்திகளும் வந்துவிட்டன. 1997-இல் 2 சதவீதத்தை ஒட்டியிருந்த வேலையின்மை 2003-இல் 8-ஐத் தாண்டியது. 'ஷாவோலின் சாக்கர்' வந்தது இந்த இரண்டுக்கும் நடுவே. படம் தொடங்குவதே விலைபோன ஒரு பெனால்டி உதையில்: பணம் வாங்கிக்கொண்டு தவறவிட்ட ஃபுங்கின் காலை ரசிகர்கள் அடித்து முறிக்கிறார்கள். இருபது ஆண்டு கழித்து, தன்னைக் கெடுத்தவனுக்கே எடுபிடியாக நிற்கிறான். ஷாவோலின் சீடர்களான அண்ணன் தம்பிகளோ ஆசான் இறந்தபின் சிதறிப்போனவர்கள். இரும்புத் தலை அண்ணன் இரவு விடுதியில் எடுபிடி. முதலாளி அவன் தலையில் பாட்டில் உடைக்கிறான். ஒருவன் பாத்திரம் கழுவுகிறான், ஒருவன் சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிறான், ஒருவனுக்கு வேலையே இல்லை, ஒருவன் பணம் பெருக்கும் தொழிலில் தொலைபேசியும் கையுமாக அலைகிறான். நாயகன் சிங் குப்பை பொறுக்குகிறான். தை சி வித்தை தெரிந்த மூய் என்ற பெண் அந்த வித்தையால் மாவு பிசைந்து தெருவில் மான்டோ என்னும் பன் விற்கிறாள். அவள் மனம் உடைந்த நாளில் மான்டோ கண்ணீரில் உப்புக் கரிக்கிறது. மடம் எரிந்து சீடர்கள் திசைக்கொருவராகத் தப்பினார்கள் என்ற பழைய தென்னாட்டு ஷாவோலின் கதையைச் சௌ இப்படித் திருப்பிச் சொல்கிறார். தீயிலிருந்து தப்பியவர்களைக் கூலி வேலை விழுங்கிவிட்டது.

சிங்கின் கவலை முழுக்க ஒன்றுதான்: குங்ஃபூவை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி எப்படி விற்பது? முதலில் பாட்டாக விற்றுப் பார்க்கிறான். இரவு விடுதி மேடையில் ஷாவோலின் பெருமையை அண்ணனோடு சேர்ந்து பாடி, அடி வாங்கித் திரும்புகிறான். இசை, பத்திரிகை, புகைப்படம் என்று ஜிங்வூக்காரர்கள் போட்ட கணக்கைத் தெரிந்தோ தெரியாமலோ அவன் முதலிலிருந்து போடுகிறான். பிறகுதான் கால்பந்து. முதல் பயிற்சி ஆட்டத்தில் எதிரணி ரவுடிகள் ஸ்பேனரும் சுத்தியலும் கொண்டுவந்து இவர்களைப் புரட்டி எடுக்கிறார்கள். இரும்புத் தலை அண்ணன் தலையில் உள்ளாடையைக் கவிழ்த்துக்கொள்ள வைக்கப்படுகிறான். அவமானம் அதற்குக் கீழே போக வழியில்லாத அந்த இடத்தில்தான் மறந்த வித்தை ஒவ்வொருவர் உடம்பிலும் திரும்பி வருகிறது. திரையரங்கு வெடித்துச் சிரிக்கும் இடம் அது. உற்றுப் பார்த்தால் அங்கே பொருந்தாமை எதுவும் இல்லை; பல ஆண்டு பொருந்தாமல் திரிந்தவர்கள் முதன்முறையாகப் பொருந்துகிறார்கள். அணியில் யார் எந்த இடம் என்பதைக்கூடப் பயிற்சியாளராகிவிட்ட ஃபுங் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. ஆசான் கற்றுக்கொடுத்ததே அவரவர் இடம்: தலை இரும்பானவன் தலையால் முட்டுகிறான், கை மின்னலானவன் கோல் காக்கிறான். தனி மனிதப் பழிவாங்கலாகவே அறியப்பட்ட குங்ஃபூவுக்குள் மூத்தவன், இளையவன் என்று அண்ணன் தம்பி முறை வைத்து அழைக்கும் ஒரு குடும்பம் எப்போதும் இருந்தது. அணி என்ற வடிவம் அந்த உறவுக்குப் புதுச் சட்டை.

இதையெல்லாம் ஒருவர் ஒரே வரியில் மறுக்கலாம்: இது ஜப்பானியச் சித்திரக்கதையும் கணினியும் சேர்ந்து செய்த படம், இதில் சீன வரலாற்றுக்கு என்ன வேலை? வடிவம் அங்கிருந்து வந்தது என்பது உண்மை. 1981-இல் தொடங்கிய தகாஹாஷி யோஇச்சியின் 'கேப்டன் ட்சுபாசா'வில் பந்து நெருப்பாகப் பறப்பதையும், ஓர் உதைக்கு ஒரு யுகம் பிடிப்பதையும் ஹாங்காங் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்தார்கள். ஆனால் ட்சுபாசா பள்ளி மாணவன்; அவன் முன்னால் உலகக் கோப்பை வரை பாதை விரிந்திருக்கிறது. சௌவின் ஆட்கள் பாதையைத் தவறவிட்டவர்கள். கணினி பற்றிய மறுப்பு இன்னும் கூர்மையானது: பந்தைப் பறக்கவிட்டது மென்பொருள் என்றால், உழைத்துச் சேர்த்த வித்தையைப் பற்றி இந்தப் படம் பேச என்ன அருகதை? யுவென் பியாவின் உடம்போடு ஒப்பிட்டால் இதில் ஏதோ குறைகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் சௌ தேர்ந்தெடுத்த உடம்புகளைப் பாருங்கள். இரும்புத் தலையாக வந்த வோங் யாட் ஃபெய் ஐம்பதைத் தாண்டியவர்; அந்த வேடத்துக்குச் சிறந்த துணை நடிகர் விருதும் வாங்கினார். தயாரிப்பு நிர்வாகி, திரைக்கதை எழுதுபவர், நடனம் அமைப்பவர் என்று திரைக்குப் பின்னால் இருந்தவர்களே மற்ற அண்ணன் தம்பிகள். தொப்பையும் வழுக்கையும் தெரியும் இந்த உடம்புகளில் வித்தை ஏறும்போது, கணினி மறைக்காமல் விட்ட அந்த இடைவெளியிலேயே கதை இருக்கிறது.

வேறொரு மறுப்பு எனக்கு உண்மையிலேயே சங்கடம் தருகிறது. குழு ஆட்டம் என்கிறோமே, கடைசி ஆட்டத்தை வெல்வது குழுவா? ஊக்க மருந்து ஏற்றிய எதிரணி அண்ணன் தம்பிகளை ஒவ்வொருவராக முடமாக்க, கோல் காக்க ஆளின்றித் தோற்கவேண்டிய நேரத்தில் மொட்டை அடித்துக்கொண்டு வருகிறாள் மூய். பேய்வேகப் பந்தைத் தை சியின் மென்மையால் சுழற்றித் தணித்து, சிங்குக்கு எடுத்துக் கொடுக்கிறாள். வெற்றி இருவருடையது, ஆக மிஞ்சினால். படம் கால்பந்தை முழுதாக நம்பவில்லை என்றுதான் இதற்குப் பொருள். பந்தைக் கடத்தி, இடம் பார்த்து, பொறுமையாக ஆடும் ஆட்டத்தின் அழகு அதில் எங்கும் இல்லை. கால்பந்து அங்கே வித்தைக்கு விதிமுறையும் பார்வையாளரும் கூலியும் தருகிற திடல், அவ்வளவே. இந்தக் குறை என் வாதத்தை உடைக்கவில்லை. பெர்லினுக்கு ஆள் அனுப்பியவர்களுக்கும் விளையாட்டு வழிதானே தவிர இலக்கு அல்ல.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி எழக்கூடும்: காஞ்சியிலிருந்து போன போதிதர்மரை விட்டுவிட்டு ஷாவோலின் கதை பேசலாமா? 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு இதைக் கேட்காதவர் குறைவு. போதிதர்மர் தென்னிந்தியர் என்ற மரபு பழையது. ஆனால் அவரை உடற்பயிற்சியோடு சேர்க்கும் 'யிஜின் ஜிங்' என்ற நூல் 1624 அளவில் எழுதப்பட்டது. ஷாவோலின் குத்துச்சண்டையின் தந்தையாக அவர் மக்களிடையே பரவியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1930-களிலேயே தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் இதைக் கிழித்துக் காட்டிவிட்டார். முஷ்டிக்குப் புது மரியாதை தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில் அதற்கு ஒரு பழம்பெரும் தந்தையும் தேவைப்பட்டார் என்பது நம் கதைக்கு வெளியே உள்ள விஷயமல்ல.

பொருந்தாமை மட்டுமே சிரிப்புக்குப் போதும் என்றால், சௌவின் வெற்றிக்குப் பின் வந்தவை எல்லாம் அதே அளவு பேசப்பட்டிருக்க வேண்டும். 2008-இல் இரண்டு வந்தன. தைவானின் ஜே சௌ நடித்த 'குங்ஃபூ டங்க்' கூடைப்பந்தைப் பிடித்துக்கொண்டது; நாயகன் பிறவித் திறமை வாய்ந்த அழகன், அவனை விற்றுப் பணம் பார்க்க ஒரு தரகரும் கூடவே. ஜப்பானின் 'ஷாவோலின் கேர்ள்' லாக்ரோஸ் ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. தயாரிப்பில் சௌவின் பெயரும் இருந்தது, பழைய அண்ணன் தம்பிகளில் இருவர் தலைகாட்டவும் செய்தார்கள். கலவை அதேதான், ஏன் அதைவிட விசித்திரமானது. ஆனால் அந்த நாயகனுக்கும் நாயகிக்கும் வித்தை ஒருநாளும் சுமையாக இருந்ததில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இரவில் விழித்துக் கிடந்தவர்கள் அல்ல அவர்கள். அதே 2008 ஆகஸ்டில் பீக்கிங்கில் ஒலிம்பிக் நடந்தது. தேசக் கலையின் இன்றைய வாரிசான வூஷுவைப் போட்டிகளில் ஒன்றாகச் சேர்க்கச் சீனா நெடுநாள் முயன்றும் சர்வதேச ஒலிம்பிக் குழு இணங்கவில்லை. ஒலிம்பிக் நாட்களிலேயே, ஒலிம்பிக்கின் பதக்கக் கணக்கில் சேராத தனிப் போட்டியாக அதை நடத்திக்கொள்ள மட்டும் அனுமதித்தது. 72 ஆண்டு முன்பு பெர்லினில் நின்ற அதே இடத்தில், இம்முறை சொந்த ஊரிலேயே, வூஷு வீரர்கள் ஆடிக் காட்டிவிட்டுப் போனார்கள்.